முதல் வேட்டைக்கு எந்தக் குண்டு?

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் பிறந்தால் என் கைபேசியில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "அண்ணா, ஜூன் மாதம் ம்குசே பக்கம் வேட்டைக்குப் போகிறோம். ரைஃபிள் ஏற்பாடாகிவிட்டது. என்ன தோட்டா வாங்கட்டும்?"

கேட்பவர்களில் பாதிப் பேர் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனைச் சுற்றிய சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். மீதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்தவர்களுக்கு வேட்டை என்றால் தாத்தா சொன்ன கதைதான். இங்கே வந்து, பண்ணைக்காரர் தன் நிலத்தில் மான் வளர்த்து, வேட்டைக்கு விலை சொல்லுவதைப் பார்க்கும்போது எல்லாமே புதிதாக இருக்கும். ரைஃபிளுக்கும் ஸ்கோப்புக்கும் யோசித்து யோசித்துச் செலவழிக்கிறார்கள். குண்டு என்று வரும்போது கடையில் மலிவாக எது இருக்கிறதோ அதில் ஒரு டப்பா. அங்கேதான் தப்பு நடக்கிறது. சுட்ட மிருகம் நிமிடத்தில் விழுவதும், வயிற்றில் காயத்தோடு முள்காட்டுக்குள் ஓடி ராத்திரி முழுக்கக் கிடந்து சாவதும் பல சமயம் அந்த டப்பாவைப் பொறுத்தது.

முதலில் ஒரு சொல் விஷயம். நாம் எல்லாவற்றையும் தோட்டா என்கிறோம். கடையில் இது குழப்பத்தைக் கொண்டுவரும். பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு, இந்த நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. குழலை விட்டுப் பறந்து போய் மிருகத்துக்குள் நுழைவது குண்டு மட்டும். .308 வின்செஸ்டர் (.308 என்பது அங்குலத்தில் குண்டின் விட்டம்) என்று ஒரே பெயர் எழுதிய பத்து டப்பாக்களில் பத்து விதமான குண்டு இருக்கும். இந்தக் கட்டுரை அந்தக் குண்டைப் பற்றியது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, முதலில் போலீஸ் தரும் தகுதிச் சான்றிதழ், அப்புறம் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி லைசென்ஸ். குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ இல்லாதவருக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்காது. அப்படிப்பட்டவர் லைசென்ஸ் உள்ளவர் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை பார்க்க, அவருடைய ரைஃபிளால் சுடலாம். தோட்டாவை உங்கள் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அந்த ரகத்துக்கு லைசென்ஸ் இல்லாதவர் கையில் தோட்டா இருப்பதே குற்றம். பண்ணைக்காரரின் எழுத்து அனுமதியும் கையில் இருக்க வேண்டும். சரி, இனி குண்டுக்கு வருவோம்.

எந்த மிருகம், எவ்வளவு தூரம்

கடைக்குப் போவதற்கு முன் பண்ணைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். என்ன மிருகம்? வழக்கமாக எத்தனை மீட்டரில் சுடுகிறார்கள்? இந்த இரண்டும் தெரியாமல் குண்டு தேர்ந்தெடுக்க யாராலும் முடியாது.

வடக்கு ஜூலுலாந்தில், ம்குசே, ஷ்லுஷ்லுவே, பொங்கோலா பக்கம், முள்மரம் அடர்ந்த காடு. மிருகம் கண்ணில் படும்போதே ஐம்பது அறுபது மீட்டரில் நிற்கும். நூறு மீட்டர் என்றால் தூரம். உள்நாட்டு வறண்ட சமவெளியான கரூவில் நேர்மாறு. மரமே இல்லாத வெட்டவெளி, காற்று ஓயாது, ஸ்பிரிங்பாக் மான் 250 மீட்டருக்குக் கிட்டே விடாது. இங்கே சரியாக வேலை செய்யும் குண்டு அங்கே சொதப்பலாம்.

காரணம் வேகம். குழலை விட்டு வெளியே வரும்போதுதான் குண்டின் வேகம் உச்சத்தில் இருக்கும். போகப் போகக் குறையும். .308-இல் 150 கிரெயின் குண்டு, அதாவது பத்து கிராமுக்குச் சற்றுக் குறைவான குண்டு, ஏறக்குறைய விநாடிக்கு 860 மீட்டரில் கிளம்புகிறது. கிட்டத்தில் சுட்டால் அத்தனை வேகத்தையும் குண்டு தாங்க வேண்டும். தூரத்தில் சுட்டால் மிச்சமிருக்கும் வேகத்திலேயே அது விரிய வேண்டும். வேட்டைக் குண்டு செய்கிறவர்கள் எல்லாரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மல்லுக்கட்டுகிறார்கள்.

மிருகத்தின் உடம்பும் முக்கியம். இம்பாலா, நியாலா, கூடூ, வில்டபீஸ்ட், ஈலண்ட் எல்லாம் ஆப்பிரிக்க மான் இனங்கள். இம்பாலாக் கிடாய் அறுபது கிலோ அளவு; எலும்பு மெல்லியது. நியாலாக் கிடாய் 110 கிலோ அளவு. கூடூ 200 கிலோவைத் தாண்டினாலும் உடம்பு அவ்வளவு முரடு அல்ல. நல்ல இடத்தில் பட்டால் சீக்கிரம் விழும். அதற்கு நேர் எதிர் வில்டபீஸ்ட். 250 கிலோ அளவுதான், ஆனால் தோள் எலும்பும் சதையும் கெட்டி, உயிரை லேசில் விடாது. வரிக்குதிரையும் அந்த ரகம். ஈலண்ட் காளை 700, 800 கிலோ வரும். இந்த ஊர் வேட்டைக்காரர்கள் வில்டபீஸ்டை ஏழையின் எருமை என்பார்கள். அது ஏன் என்று எனக்கு ஒரே நாளில் புரிந்தது.

குண்டு எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது

அது என் மூன்றாவது வேட்டை. என் மனைவியின் தாய்மாமா முப்பது வருடமாக வேட்டைக்குப் போகிறவர். அவர் சொன்னதைக் கேட்காமல் .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற அதிவேக ரைஃபிளுக்கு 150 கிரெயின் சாதாரணக் குண்டு வாங்கியிருந்தேன். லேசான குண்டு, விநாடிக்கு ஆயிரம் மீட்டர் வேகம், இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். நாற்பது மீட்டரில் ஒரு வில்டபீஸ்ட் காளை குறுக்காக நின்றது. தோளில் வைத்தேன். பட்ட சத்தம் கேட்டது. காளை குதித்து மூன்று காலில் ஓடியது.

தடம் பார்க்கிறவர் ஒரு வயதான ஜூலுக்காரர். நாங்கள் எல்லாரும் அவரை பாபா என்றுதான் கூப்பிடுவோம். அவர் குனிந்து, புல்லில் கிடந்த ஒரு எலும்புச் சில்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து மணி நேரம் நடந்தோம். ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் மணலில் குளம்படி மட்டும் மிஞ்சியது. இருட்டுவதற்குச் சற்று முன் மாமாதான் அதை ஓர் ஓடைச் சரிவில் பார்த்து முடித்துவைத்தார். தோலுரித்தபோது தெரிந்தது: என் குண்டு தோள் எலும்பில் பட்டதும் துகளாகிவிட்டது. மேலே தட்டு அளவுக்குக் காயம், உள்ளே நுரையீரல் வரைக்கும் போனது மூன்று ஈயத் துணுக்கு. "மாப்பிள்ளை, குறி சரி, குண்டு தப்பு. வேகம் கூடக் கூட குண்டு கெட்டியா இருக்கணும்," என்றார் மாமா. அந்த மிருகம் ஐந்து மணி நேரம் பட்ட பாட்டுக்கு நான்தான் பொறுப்பு. இன்றைக்கும் அது உறுத்துகிறது. இதை எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

அதனால் கனத்தையும் கேலிபரையும் (விட்டத்தையும்) பார்ப்பதற்கு முன் குண்டின் அமைப்பைப் பாருங்கள்.

சாதாரண மென்முனைக் குண்டு என்பது ஈயத்தின் மேல் செம்புக் கலவைச் சட்டை, முனையில் மட்டும் ஈயம் வெளியே தெரியும். சுலபமாக விரியும், விலை குறைவு. நடுத்தர வேகத்தில், நடுத்தர மிருகத்துக்கு, இது நூறு வருடத்துக்கு மேலாக வேலை செய்துவருகிறது. .308, 7×57 மவுசர், 6.5×55 மாதிரி அடக்கமான ரைஃபிள்களில், கனமான மென்முனைக் குண்டு போட்டு இம்பாலா, நியாலா, வார்ட்ஹாக் என்ற காட்டுப்பன்றி சுடுவதற்கு வேறு எதுவும் தேவையில்லை. பிரிட்டோரியாவில் தயாராகும் பி.எம்.பி. தோட்டாக்களில் இந்த ரகம் கிடைக்கும். அதிவேக மேக்னம் ரைஃபிளில் லேசான மென்முனைக் குண்டு போட்டுக் கிட்டத்தில் பெரிய எலும்பைச் சுடுவதுதான் ஆபத்து. நான் செய்தது அதுதான்.

அடுத்தது ஈயத்தையும் சட்டையையும் ஒட்டவைத்த குண்டு. ஆங்கிலப் பெயரை அப்படியே பாண்டட் என்பார்கள். ஈயம் சட்டையோடு உருகி ஒட்டியிருப்பதால் எலும்பில் பட்டாலும் இரண்டும் பிரியாது. குடை போல விரிந்து, கனத்தில் பெரும்பகுதியைக் காப்பாற்றிக்கொண்டு உள்ளே போகும். நார்மா ஓரிக்ஸ், நாஸ்லர் அக்யூபாண்ட், ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேம், நம் நாட்டிலேயே செய்யும் ரைனோ எல்லாம் இந்தக் குடும்பம். ஸ்விஃப்டிலும் ரைனோவிலும் பின்பாதிக்குக் கூடுதல் பலம் உண்டு: ஸ்விஃப்டில் நடுவே ஒரு செம்புத் தடுப்பு, ரைனோவில் பின்பாதி கெட்டிச் செம்பு.

தடுப்பு வைக்கும் யோசனைக்கு ஒரு கதை உண்டு. 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் என்பவர் ஒரு மூஸ் மானைச் சுட்டார். சேறு காய்ந்து பொறுக்காகிப்போன தோலில் பட்டதுமே அவர் குண்டுகள் உடைந்தன. வீட்டுக்குப் போய், முன்னால் ஓர் ஈயம், பின்னால் ஓர் ஈயம், நடுவில் செம்புச் சுவர் என்று ஒரு குண்டைச் செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி முழுதாக உள்ளே போகும். 1948 முதல் பார்ட்டிஷன் என்ற பெயரில் விற்கிறது. எனக்கு ஓடைச் சரிவில் நடந்தது அவருக்கு 1946-லேயே நடந்திருக்கிறது.

மூன்றாவது, ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டு. முனையில் ஒரு குழி இருக்கும். பட்டதும் இதழ் இதழாக விரியும். கனத்தை ஏறக்குறைய முழுசாகக் காப்பாற்றும், ஆழமாகப் போகும். பார்ன்ஸ் வெளிநாட்டுச் சரக்கு. ஜி.எஸ். கஸ்டம், பெரிகிரின் இரண்டும் தென்னாப்பிரிக்காவிலேயே செய்பவை, தரமானவை. மேக்னம் ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு குறை: வேகம் ரொம்பக் குறைந்துவிட்டால் இவை சரியாக விரியாது. தூரத்தில் சுடப் போகிறீர்கள் என்றால், எந்த வேகம் வரைக்கும் விரியும் என்று தயாரிப்பாளர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டு ரகத்தைத் தொடாதீர்கள். ஒன்று, முனை வரை சட்டை மூடிய ராணுவ ரகம். விரியாது, மானை ஊசி குத்துவதுபோலத் துளைத்து அந்தப் பக்கம் போய்விடும். மான் ஓடிப்போய் எங்கோ சாகும், கண்டுபிடிக்க முடியாது. இன்னொன்று, போட்டிகளுக்கான மேட்ச் குண்டு. காகிதத்தில் ஒரே துளையாக விழுவதைப் பார்த்து மயங்கி வாங்குகிறார்கள். மிருகத்துக்குள் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை நினைத்துச் செய்யப்பட்டதல்ல அது. விரியாத கெட்டிக் குண்டு ஒன்று உண்டு, அது யானைக்கும் எருமைக்கும். அந்த மிருகங்களுக்கு .375 கேலிபருக்குக் கீழே பேச்சே இல்லை. முதல் வேட்டைக்குப் போகிறவர் அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம்.

கனம்

குண்டின் கனத்தை இங்கே கிரெயினில் சொல்வார்கள். பதினைந்தரைக் கிரெயின் சேர்ந்தால் ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 180 கிரெயின் குண்டு பதினொன்றே முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவு.

ஒரே விட்டத்தில் கனம் கூடினால் குண்டு நீளமாகும். ஆணியை நினைத்துப் பாருங்கள்: ஒரே தடிமன் உள்ள இரண்டு ஆணியை ஒரே வேகத்தில் எறிந்தால் கனமானது ஆழமாக இறங்கும். இதைக் கணக்காகச் சொல்ல ஓர் எண் உண்டு. குண்டின் கனத்தைப் பவுண்டிலும் விட்டத்தை அங்குலத்திலும் எடுத்து, கனத்தை விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவது. குறுக்கு அடர்த்தி என்று சொல்லலாம். .308-இல் 150 கிரெயின் குண்டுக்கு அது 0.226. 180 கிரெயினுக்கு 0.271. 7 மில்லிமீட்டரில் 175 கிரெயினுக்கு 0.310. இம்பாலா அளவுக்கு 0.22 போதும். வில்டபீஸ்ட், கூடூ என்றால் 0.25-க்கு மேல் இருக்கட்டும். ஈலண்டுக்கு 0.27-க்குக் கீழே நான் போகமாட்டேன். ஈயம் வைத்த குண்டுக்குத்தான் இந்தக் கணக்கு. செம்புக் குண்டு கனத்தை இழக்காததால் ஒரு படி லேசாக எடுக்கலாம்: ஈயத்தில் 180 எடுப்பவர் செம்பில் 165 அல்லது 150 எடுத்தால் சரியாக இருக்கும்.

அப்படிப்பட்ட கனக்குண்டுதான் 7×57 மவுசரின் பழைய வழக்கம். பிரிட்டிஷாரோடு 1899-இல் தொடங்கிய போரில் போயர்கள் (இங்கே குடியேறிய டச்சு வழியினர்) கையில் இருந்த ரைஃபிள் அது. அந்தக் குண்டுகளால் கொலென்ஸோவிலும் ஸ்பியோன்கோப்பிலும் விழுந்தவர்களைத் தூக்கிச் சுமந்த இந்திய ஆம்புலன்ஸ் படையில், கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலிகளாக இருந்த நூற்றுக்கணக்கானவர்களும் இருந்தார்கள். மாமாவின் ரைஃபிள் இன்றைக்கும் 7×57-தான். அதைத் துடைக்கும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்.

ஒரு நம்பிக்கையைக் கைவிடுங்கள். கனமான குண்டு புதரை வெட்டிக்கொண்டு நேராகப் போகும் என்பார்கள். போகாது. விரல் தடிமன் குச்சியில் பட்டாலும் எந்தக் குண்டும் திசை மாறலாம். இலை மறைவில் மிருகம் நின்றால் காத்திருங்கள், அது நகரும்.

உங்கள் ரைஃபிளுக்குப் பிடித்தது எது

மூன்று ரகம் வாங்குங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு டப்பா. சுடுதளத்துக்குப் போய் நூறு மீட்டரில், மேஜைமேல் ரைஃபிளைத் தாங்கவைத்து, ஒவ்வொரு ரகத்திலும் மும்மூன்றாகச் சுடுங்கள். நடுவில் குழல் ஆறட்டும். ரகம் மாற்றும்போது, முக்கியமாக ஈயக் குண்டிலிருந்து செம்புக் குண்டுக்குப் போகும்போது, குழலைச் சுத்தம் செய்யுங்கள். ஒரே கனத்தில் இரண்டு ரகம் வேறு வேறு இடத்தில் விழுவதைப் பார்த்து ஆச்சரியப்படாதீர்கள், அது சகஜம். ஐந்து சென்டிமீட்டருக்குள் மூன்றும் விழுந்தால் வேட்டைக்குப் போதும். இரண்டு சென்டிமீட்டரைத் துரத்திக்கொண்டு போகாமல், நல்ல அமைப்புள்ள குண்டோடு நில்லுங்கள்.

நீளமான செம்புக் குண்டு சில ரைஃபிள்களில் சிதறி விழும். குழலுக்குள் இருக்கும் புரி எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதைப் பொறுத்தது அது. செம்பு ஈயத்தைவிட லேசானதால், அதே கனத்துக்குக் குண்டு நீளமாகிவிடுகிறது. நீளமான குண்டு நிலையாகப் பறக்க வேகமான சுழற்சி வேண்டும். பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள .308 என்றால் கனமான செம்பை விட்டுவிட்டு 150 அல்லது அதற்கும் கீழே போங்கள்.

ஒரு ரகம் தேறிவிட்டதா? அதிலேயே அதே தொகுதி எண்ணில் இன்னும் இரண்டு மூன்று டப்பா வாங்கி வையுங்கள். சாதாரண லைசென்ஸில் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா வரை வைத்திருக்கலாம். மீதி நாளெல்லாம் மேஜையை விட்டு எழுந்து, கவட்டைக் கம்பில் ரைஃபிளைத் தாங்கி நின்றபடி சுடப் பழகுங்கள். காட்டில் மேஜை கிடையாது.

அந்த நாளில்

ஆப்பிரிக்க மான்களுக்கு இதயமும் நுரையீரலும் நாம் நினைப்பதைவிட முன்னால், தாழ்வாக இருக்கும். மிருகம் குறுக்காக நிற்கும்போது முன்னங்காலின் நடுவோடு கண்ணை மேலே கொண்டுபோய், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிறுத்துங்கள். அங்கேதான் குறி. இம்பாலாவில் அந்த இடம் பதினைந்து சென்டிமீட்டர் அகலம் இருந்தால் அதிகம். நேராக முகம் காட்டி நின்றாலோ, பின்பக்கம் காட்டினாலோ முதல் வேட்டையில் சுடாதீர்கள்.

சுட்டதும் அடுத்த தோட்டாவை ஏற்றிவிட்டு, மிருகம் போன திசையைப் பாருங்கள். விழுவது கண்ணில் படாவிட்டால் உடனே பின்னால் ஓடக் கூடாது. கால்மணி நேரம் பொறுங்கள். நுரையோடு இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், பக்கத்திலேயே கிடக்கும். கறுத்த ரத்தத்தில் பச்சை கலந்திருந்தால் வயிறு. அப்போது தடம் பார்க்கிறவர் சொல்வதே சட்டம். ஒரு துளி ரத்தம் தரையில் விழுந்தாலும், மிருகம் கிடைக்காவிட்டாலும், முழு விலை கொடுக்க வேண்டும் என்பது பெரும்பாலான பண்ணைகளில் வழக்கம். நியாயமான வழக்கம் என்றுதான் நான் சொல்வேன்.

ஈயக் குண்டால் சுட்டிருந்தால் காயத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கறியை வெட்டி எறிந்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈயத் துகள் காயத்தைத் தாண்டிப் பரவியிருக்கும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் சாப்பிடும் கறியில் அது கூடாது. எறிவதை அப்படியே காட்டில் விடாமல் ஆழமாகப் புதையுங்கள். ஜூலுலாந்தில் வெண்முதுகுப் பிணந்தின்னிக் கழுகுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. ஈயம் கலந்த குடலையும் கறியையும் தின்றால் அவையும் நஞ்சேறிச் சாகும். எங்கள் வீட்டில் பேரக் குழந்தைகள் வந்த பிறகு நான் செம்புக்கு மாறியதற்கு இதுவும் காரணம். கறியில் பாதியைக் கொத்தமல்லி வறுத்துப் போட்டு பில்டாங் என்னும் உப்புக்கண்டமாகக் காயவைத்து, பாதியை ஃப்ரீசரில் வைத்து, புரட்டாசி பிறப்பதற்குள் தீர்த்துவிடுவோம்.

தோலுரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். குண்டு சில சமயம் அந்தப் பக்கத்துத் தோலுக்கடியில் பொட்டலம் மாதிரி தங்கியிருக்கும். எடுத்துக் கழுவி, வீட்டுக்கு வந்து சின்னத் தராசில் நிறுத்துப் பாருங்கள். மிருகம், தூரம், பட்ட இடம், ஓடிய தூரம், மிஞ்சிய கனம், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். என் நோட்டில் முதல் பக்கத்தில் அந்த வில்டபீஸ்டின் ஈயத் துணுக்குகளை ஒட்டிவைத்திருக்கிறேன். மூன்றும் சேர்ந்து 22 கிரெயின்.